பஜார் பயில்வானுக்கு ஒரு விசில்

ஜனவரி 19, 2013 – சனி

காலையில் பெண்கள் கபடி. ஏழாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும். சுண்ணாம்பு தீர்ந்துவிட்டதால் சாம்பலைத் தூவிக் கோடு போட்டோம். ஆட்டம் சூடு பிடிப்பதற்குள் காற்று அதை அள்ளிக்கொண்டு போய்விட்டது. கோடில்லாத களத்தில் ஆட்டம் நடத்துவதுதான் நடுவருக்குப் பரீட்சை.

ரெய்டு வந்த பெண், பிடிக்க நின்ற செல்லியம்மாவின் முழங்கையைத் தொட்டுவிட்டுத் திரும்பினாளா, தொடாமலே திரும்பினாளா என்று தகராறு. நான் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், கையைப் பார்க்கவில்லை. இந்த மாதிரி நேரத்துக்கு எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. நடுவர் பார்க்கவில்லை என்றால், உண்மையைச் சொன்னால் யாருக்கு நஷ்டமோ அவரையே கேட்பது. "நீ சொல்லும்மா" என்றேன். செல்லியம்மா கையைத் தூக்கினாள். தானாக வெளியே போய் உட்கார்ந்துகொண்டாள். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. விஜயபுரம் மண்டலத்தில் எந்த ஊர்க் களத்திலும் இப்படித்தான்.

நல்ல காலை. அதை ஸ்டாஃப் ரூமில் கெடுத்தார்கள். புதிதாக வந்த சோஷியல் டீச்சர் கேட்டார்: "கோவர்த்தனன் சார், நீங்க பி.டி. மாஸ்டர். உங்க பொண்ணு இன்னா கேம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் கணக்கு முனிகிருஷ்ணன் பதில் சொல்லிவிட்டார். "காவ்யாவா? லேப்டாப்பைத் தூக்கறதே அதுக்குப் பெரிய எக்சர்சைஸ்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

ஊரார் வீட்டுப் பெண்களை மாவட்ட அணி வரை அனுப்பியவன் நான். என் வீட்டில் பிறந்த ஒன்றே ஒன்று, ஸ்கிப்பிங் கயிற்றைக்கூடத் தொட்டதில்லை. திருப்பதியில் இன்ஜினியரிங் கடைசி வருடம். நல்ல பெண், நன்றாகப் படிக்கிறாள், ஒரு குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் –

போகட்டும். நாளை சுண்ணாம்பு வாங்க வேண்டும்.

ஜனவரி 22

மாலையில் நாகேந்திரன் பைக்கில் நகரிக்கு, எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டான். புத்தூர்ப் பையன். காவ்யா படிக்கும் கல்லூரியில் மூன்றாம் வருடம், மாணவர் சங்கச் செயலாளர். ஸ்கூலில் படிக்கும்போது இவனுடைய டீமை ஒருமுறை பாதி ஆட்டத்தில் வெளியே அனுப்பியிருக்கிறேன். அந்தக் கோபம் இருக்கும் என்று பார்த்தால், காலைத் தொட்டுக் கும்பிட்டான்.

"சார், எங்க காலேஜ் ஃபெஸ்ட்டுக்கு அம்பயர் வேணும். மீரே ராவாலி சார், நீங்கதான் வரணும். வேற யாரும் சரிப்பட மாட்டாங்க."

என்ன ஆட்டம் என்றேன். கொஞ்சம் நெளிந்தான். வீடியோ கேமாம். திரையில் இரண்டு பொம்மைகள் சண்டை போடும். இரண்டு பேர் ஆளுக்கொரு பேடைக் கையில் பிடித்துக்கொண்டு, அதிலிருக்கும் பொத்தான்களை அழுத்தி ஆட்டுவார்களாம். போன வருடம் தீர்ப்பில் தகராறு வந்து, பொம்மைச் சண்டை ஆள் சண்டையாகி, நாற்காலிகள் பறந்திருக்கின்றன. முறையான நடுவர் வந்தால்தான் இந்த வருடம் அனுமதி என்று பிரின்சிபால் சொல்லிவிட்டாராம்.

"எந்த பொம்மை ஜெயிச்சதுன்னு திரையே சொல்லிடுதே. நான் எதுக்குடா?"

"திரை சொல்றத எவனும் ஒத்துக்க மாட்டேன்றான் சார். நீங்க சொன்னா ஒத்துக்குவாங்க."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் சரி என்றேன். ஐஸ் வைக்கிறான் என்று தெரியாமல் இல்லை. இருந்தாலும் நன்றாகத்தான் இருந்தது.

ஜனவரி 23

மனைவி வெங்கடம்மாவிடம் சொன்னேன். தோசைக் கரண்டியும் கையுமாக நின்று சிரித்தாள். "பொம்மைக்கு அடி பட்டா யாரு தைலம் தேய்ப்பாங்களாம்?"

ஜனவரி 27 – ஞாயிறு

குடியரசு தினத்தோடு சேர்ந்த லீவு. காவ்யா வந்திருக்கிறாள். வந்ததும் வராததுமாக, "நாகேந்திரன் சொன்னான் நைனா. நீ போய் இன்னா பண்ணப்போற? அந்த கேம் பேராச்சும் தெரியுமா?" என்றாள்.

பேர் 'பஜார் பயில்வான்'. பெங்களூரில் சில இளைஞர்கள் சேர்ந்து தொடங்கிய கம்பெனி செய்தது. இன்னும் விற்பனைக்கு வரவில்லை. கல்லூரிகளில் ஆடவிட்டுப் பார்க்கிறார்கள். லேப்டாப்பைத் திறந்து காட்டினாள்.

எல்லாம் கார்ட்டூன் படம். வாரப் பத்திரிகையில் வருமே, பெரிய கண்ணும் குச்சிக் காலுமாக, அந்த மாதிரி. ஒரு சந்தைத் தெரு. ஆட்கள் இடமும் வலமுமாக நகரலாம், குதிக்கலாம், குனியலாம். திரைக்கு உள்ளே போகவோ முன்னால் வரவோ முடியாது. கோடு போட்டாற்போல் ஒரே நேர் பாதை. பஸ் கண்டக்டர் ஒருவர் டிக்கெட் பையால் அடியைத் தடுக்கிறார். பஜ்ஜி மாஸ்டர் நீளக் கரண்டியால் சாத்துகிறார். சோடாக்காரர் கோலி சோடாவைத் திறந்து பீய்ச்சுகிறார். ஒரு பூக்காரி – பூச்சரத்தையே சாட்டையாகச் சுழற்றுகிறாள். அடி பட்டால் தலையைச் சுற்றி நட்சத்திரம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இத்தப் போய் விளையாட்டுன்றீங்களே!"

"ஒரு தரம் என்கூட ஆடிப் பாரு."

பேடைக் கையில் கொடுத்தாள். எந்தப் பொத்தான் எதற்கு என்று புரிவதற்குள் என் பஜ்ஜி மாஸ்டர் மல்லாந்து கிடந்தார். இன்னொரு தரம். மறுபடியும் மல்லாந்தார். மூன்றாவது தரம் நான் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். அவளைப் பார்த்தேன். பழக்கதோஷம்.

கால் இரண்டும் தரையில் ஊன்றி இருக்கின்றன. தோள் அசையவில்லை. விரல்கள் மட்டும் பறக்கின்றன. அடிக்கப் போகும் நொடியில் மூச்சைப் பிடிக்கிறாள், ரெய்டு போகிறவள் பிடிக்கிற மாதிரி. அடித்து முடித்ததும் விடுகிறாள். இதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நல்ல ஆட்டக்காரரை உடம்பைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிறேன். என் வீட்டுக்குள் இருந்த உடம்பைப் பார்க்கவில்லையே.

"எப்போ கத்துக்கினே?"

"ஹாஸ்டல்ல. ரெண்டு வருஷமா இந்த மாதிரி கேம்ஸ்தான் ஆடிக்கினு இருக்கேன். காலேஜ்ல யாரும் என்ன ஜெயிக்க முடியாது. ஹரிபிரசாத்னு ஒரு சித்தூர் பையன், அவன் ஒருத்தன்தான் எப்பவாச்சும் ஜெயிப்பான்."

"சொல்லவே இல்லியே?"

"நீ கேக்கவே இல்லியே."

பிப்ரவரி 3

கேமை ஸ்கூல் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்து, ஒரு ஜதை பேடும் விட்டுப் போயிருக்கிறாள். பள்ளி விட்டதும் நானும் முனிகிருஷ்ணனும் உட்கார்கிறோம். முதல் நாள் "பொம்மை சண்டைக்கு அம்பயரா!" என்று கிண்டல் செய்தவர், இப்போது நாலு மணி பெல்லுக்கு முன்பே கம்ப்யூட்டர் ரூம் சாவியோடு நிற்கிறார்.

ஒரு ஆட்டத்துக்கு நடுவராகப் போகிறவன் முதலில் அந்த ஆட்டத்துக்கே தீர்ப்பு சொல்லிக்கொள்ள வேண்டும். இதோ என் தீர்ப்பு.

படம் அருமை. ஒவ்வொருவருக்கும் நிற்கும் நிலையே வேறு. கண்டக்டர் ஓடுகிற பஸ்ஸில் நிற்பவர் போல் காலை அகட்டி நிற்கிறார். வரைந்த பிள்ளை நிச்சயம் பஸ்ஸில் படிக்கட்டில் தொங்கியவன். அடியில் கனம் இருக்கிறது. அடி விழும் நொடியில் இரண்டு பொம்மையும் துளி நின்று, பிறகுதான் பறக்கின்றன. அந்தத் துளி நிற்பதுதான் நம் வயிற்றில் உறைக்கிறது. விழுந்தவர் எழுந்து நிற்கும்வரை அடிக்க முடியாது – இது தர்மம், இதைச் செய்தவனைப் பாராட்ட வேண்டும்.

குறை? பஜ்ஜி மாஸ்டரின் கரண்டி ரொம்ப நீளம், அவரை எடுத்தால் சோம்பேறிகூட ஜெயிப்பான். முனிகிருஷ்ணன் அவரைத்தான் எடுக்கிறார். சுவர் ஓரத்தில் ஒருவரை மடக்கிவிட்டால் தப்பிக்க வழி குறைவு. பூக்காரிக்கு உயிர் கம்மி, நாலு நல்ல அடி தாங்கமாட்டாள். ஆனால் அவள் கால் வேகத்துக்கு ஈடில்லை. பயந்தவர்கள் அவளை எடுக்கமாட்டார்கள். காவ்யா எடுப்பது பூக்காரியைத்தான்.

நல்ல ஆட்டமா இல்லையா என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவு ஒன்றுதான். தோற்றவர் 'இன்னொரு தரம்' என்று கேட்க வேண்டும். முனிகிருஷ்ணன் இருட்டும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். ஆக, இது ஆட்டம்தான். ஒத்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 10

விதிமுறைத் தாள் வந்தது. இங்கிலீஷ். இரண்டு நடுவர்கள்: நான் ஒருவன், கம்பெனியிலிருந்து வரும் பவன்குமார் இன்னொருவர். திரையில் முடிவு வந்துவிட்டால் அதுவே முடிவு. கருவி பழுதானதை நடுவர்கள் நேரில் பார்த்திருந்தால் மட்டும் மாற்றலாம்.

நேரில் பார்ப்பதென்றால் எங்கே பார்ப்பது? எல்லோரும் திரையைத்தான் பார்ப்பார்கள். திரை பொய் சொல்லாது, கையில்தான் எல்லாக் கோளாறும் நடக்கும். என் நாற்காலியைத் திரைக்கு முதுகு காட்டி, ஆடுகிறவர்களைப் பார்த்துப் போடச் சொல்லி நாகேந்திரனுக்குப் போன் செய்தேன். "சார், அப்புறம் சண்டை எப்படி தெரியும்?" என்று பாவமாகக் கேட்டான். தெரியும்டா.

பிப்ரவரி 16

காவ்யாவும் போட்டிக்குப் பேர் கொடுத்திருக்கிறாள்! போனில் ஏதோ டீ குடித்தேன் என்பது போலச் சொல்கிறாள். ஜெயிக்கிறவரைக் கம்பெனியில் வேலைக்கு எடுத்துக்கொள்கிறார்களாம், கேமை ஆடிப் பார்த்துக் குறை சொல்கிற வேலை. இந்த வருடம் கல்லூரிக்கு வேலை கொடுக்க வந்த கம்பெனிகள் குறைவு. வந்ததிலும் இவளுக்கு எதுவும் அமையவில்லை. "எனக்கு இந்த வேலை வேணும் நைனா. இது ஒண்ணுதான் எனக்கு வரும்" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. இவள் எதையும் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

அப்படியானால் நான் நடுவராக இருக்க முடியாது. நாகேந்திரனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். ரெண்டு நாள் டைம் கொடுங்க சார் என்றான்.

பிப்ரவரி 17

அந்தச் சித்தூர்ப் பையன் ஹரிபிரசாத்தே போன் செய்தான். அவனுக்கும் அதே வேலைதான் வேண்டும். அப்பா மாங்காய் மண்டியில் மூட்டை தூக்குகிறாராம்.

"சார், நீங்க விலகாதீங்க. ஜோனல் ஃபைனல்ல உங்க ஸ்கூல் டீமையே நீங்க அவுட்டுனு சொன்னத நான் கிரவுண்டுல இருந்து பார்த்தேன். நீங்க இருந்தா நான் தைரியமா ஆடுவேன் சார். எல்லாரும் அப்டித்தான் சொல்றாங்க."

எதிராளி வந்து 'நீயே இரு' என்று சொல்வதைவிட ஒரு நடுவருக்கு வேறென்ன மெடல் வேண்டும்? இதை எழுதும்போது கண் கலங்குகிறது, அசடு மாதிரி.

இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 18

காவ்யாவிடம், "ஹாலுக்குள்ள நான் நைனா இல்ல, சார்" என்றேன். "நானும் காவ்யா இல்ல, பூக்காரி" என்றாள். திமிர்.

பிப்ரவரி 22 – வெள்ளி, திருப்பதி

கல்லூரி கெஸ்ட் ரூமில் எழுதுகிறேன். முதல் நாள் முடிந்தது.

நான் விசிலோடு போய் உட்கார்ந்ததும் ஹாலே சிரித்தது. திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்ததும் இன்னும் அதிகமாகச் சிரித்தது. பின் வரிசையில் ஒருவன் தெலுங்கில், "சாருக்குக் கண்ணு பின்னால இருக்கு" என்றான். சிரிக்கட்டும். மூன்றாவது ஆட்டத்திலேயே ஒருவன் எதிராளியின் பேட் வயரைச் செருப்பால் மிதித்து இழுத்தான். திரையைப் பார்த்த அத்தனை பேருக்கும் ஒன்றும் தெரியவில்லை. விசில் ஊதினேன். வெளியே போ என்றேன். போனான். அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. டீ மட்டும் அடிக்கடி வந்தது.

பவன்குமார் மரியாதையான பிள்ளை. வயதில் சின்னவர், ஹைதராபாத்தில் பிறந்து பெங்களூரில் இருக்கிறார். பஜ்ஜி மாஸ்டரின் கரண்டி நீளம் என்று சொன்னேன். "மேமு கூட அதே அனுகுண்டுன்னாம் சார்" என்றார். அவர்களுக்கும் அதே எண்ணம்தானாம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

காவ்யா எல்லா ஆட்டத்திலும் ஜெயித்தாள். ஒருமுறைகூட அவளுடைய பொம்மையை நான் பார்க்கவில்லை. கையை மட்டும்தான் பார்த்தேன். நாளை ஃபைனல், ஹரிபிரசாத்தோடு.

பிப்ரவரி 23 – சனி, திருப்பதி

ஒழுங்காக எழுத வேண்டும். முதலிலிருந்து.

ஐந்து ரவுண்டு. மூன்று ஜெயித்தவருக்கு வெற்றி. காவ்யாவுக்குப் பூக்காரி, ஹரிபிரசாத்துக்குக் கண்டக்டர். நாலு ரவுண்டு முடிந்தபோது ஆளுக்கு இரண்டு. ஹாலில் நிற்க இடமில்லை. ஜன்னல் கம்பியிலெல்லாம் பிள்ளைகள்.

ஐந்தாவது ரவுண்டு. ஆரம்பத்திலேயே அவளுக்கு நிறைய அடி விழுந்திருக்க வேண்டும். கூட்டம் போட்ட சத்தத்திலேயே தெரிந்தது. அப்புறம் சத்தம் மாறியது. 'பூக்காரி, பூக்காரி' என்று கத்த ஆரம்பித்தார்கள். அவள் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவள் திரும்ப எழுந்து வருகிறாள் என்று புரிந்தது – நான் திரும்பிவிட்டேன். திரையைப் பார்க்கத் திரும்பிவிட்டேன்.

நடுவர் திரும்பவில்லை. அப்பன்தான் திரும்பினான்.

என்ன அழகாக ஆடினாள்! கண்டக்டர் பையைத் தூக்கித் தடுக்கிறார், தடுக்கிறார், பூச்சரம் மேலே ஒன்று கீழே ஒன்று என்று சுழன்று வருகிறது. திடீரென்று கண்டக்டரின் பை இறங்கியது. ஆள் சும்மா நின்றார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு அடி. கண்டக்டர் விழுந்தார். திரை முழுக்கப் பூ கொட்டியது. ஹால் கூரை பிய்த்துக்கொண்டு போயிற்று.

"பேட் பனி செய்யலேது சார்! பேட் செத்துப்போச்சு சார்!" ஹரிபிரசாத் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தான்.

பவன்குமார் ஓடிப் போய் அவனுடைய பேடைப் பார்த்தார். பொத்தானை அழுத்தினார். வேலை செய்தது. வயர் சொருகும் இடம் கொஞ்சம் ஆடுகிறது, அவ்வளவுதான். ஒரு பக்கம் 'டிராமா, டிராமா' என்று சத்தம். இன்னொரு பக்கம் 'மோசம், மோசம்' என்று சத்தம். நாற்காலி நகரும் ஓசை கேட்டது. நாகேந்திரன் முகம் வெளுத்துவிட்டது.

"நான் திரையத்தான் பார்த்தேன் சார்" என்றார் பவன்குமார். "நீங்க கையப் பார்த்திருப்பீங்கல்ல?"

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். ஹரிபிரசாத்தும் பார்த்தான். இந்த ஆள் பார்த்திருப்பார் என்று நம்பித்தானே என்னை இருக்கச் சொன்னான்.

"இல்ல. அந்த நேரம் நானும் திரும்பிட்டேன்" என்றேன். மைக்கில் சொன்னேன்.

தாளில் இருப்பதன்படி பார்த்தால் அங்கேயே முடிந்தது. நடுவர்கள் பார்க்கவில்லை, திரையின் முடிவே முடிவு, காவ்யாவுக்குப் பெங்களூர் வேலை. யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. விசிலை வாயில் வைத்தேன். ஊத முடியவில்லை. கோடு அழிந்துபோன களத்தில் என்ன செய்வேனோ, அதைத்தான் செய்தேன்.

"எங்க பக்கம் ஒரு வழக்கம் இருக்குது" என்றேன். "அம்பயர் பார்க்கலைன்னா ஆடறவங்களையே கேப்போம். அவங்க சொல்றதுதான் முடிவு. அப்புறம் யாரும் பேசக்கூடாது." பிறகு அவள் பக்கம் திரும்பினேன். "பூக்காரி, நீ சொல்லும்மா."

ஹால் அடங்கிவிட்டது.

அவள் திரையைப் பார்த்தாள். பூ இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. பேடைக் கீழே வைத்தாள். வலது கையைத் தூக்கினாள்.

தோளுக்கு மேலே, நேராக, விரல்களைச் சேர்த்து. எங்கள் களத்தில் தூக்குகிற மாதிரி அப்படியே.

"முதல் அடி சரி சார். ரெண்டாவது அடிக்கும்போதே எனக்கு டவுட்டு. ஹரி பட்டனை அழுத்திக்கினே இருந்தான், கண்டக்டர் அசையல. நான் ஓரக்கண்ணால பார்த்தேன். பார்த்துட்டும் மூணாவது நாலாவது அடிச்சிட்டேன்."

விசில் ஊதினேன். ரவுண்டு செல்லாது, பேடை மாற்றி மறுபடியும் ஆட வேண்டும் என்றேன். பவன்குமார் தலையசைத்தார். ஒரு நாற்காலிகூட நகரவில்லை.

மறுபடியும் ஆடினார்கள். இந்தத் தடவை திரும்பவில்லை. கையைத்தான் பார்த்தேன். கூட்டத்தின் சத்தத்தில் கடைசி அடி விழுந்தது தெரிந்தது. அவள் விரல்கள் நின்றன. ஹரிபிரசாத்தின் விரல்கள் இன்னும் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்தன.

காவ்யா தோற்றுவிட்டாள்.

"விஜேதா ஹரிபிரசாத்" என்று அறிவித்தேன். குரல் பிசகவில்லை. இத்தனை வருட சர்வீஸில் எத்தனையோ பேருக்குக் கோப்பை கொடுத்திருக்கிறேன். மேடைக்குக் கீழே வெறும் கையோடு நின்ற ஒரு ஆட்டக்காரியைப் பார்த்து இவ்வளவு பெருமை எனக்கு வந்ததே இல்லை. எழுதிவிட்டேன். பெருமை. பெருமையோ பெருமை.

பிப்ரவரி 24 – ஞாயிறு

இருவரும் பஸ்ஸில் ஊருக்கு வந்தோம். ரேணிகுண்டா தாண்டுவதற்குள் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து அழுது முடித்துவிட்டாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். புத்தூர் ஸ்டாண்டில் வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தேன்.

"துன்னு. வெறும் வயித்துல வராத."

கொறித்துக்கொண்டே, "கோபமா நைனா?" என்றாள். "கடைசி ரெண்டு அடி அடிச்சிருக்கக் கூடாது."

"அத்த நீயாத்தானே சொன்னே. யாரும் பார்க்கலியே." பிறகு, நேற்றிலிருந்து கேட்க வேண்டும் என்று இருந்ததைக் கேட்டேன். "கை தூக்கணும்னு உனக்கு யாரு சொன்னது? நீ எந்த டீம்லயும் ஆடலியே."

என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "சின்ன வயசுல ஸ்கூல் விட்டா எங்க இருந்தேன்? உன் கிரவுண்டு ஓரத்துலதானே ஹோம்வொர்க் எழுதிக்கினு உக்காந்திருந்தேன். தலையக் குனிஞ்சிக்கினே இருந்தேன்னு நெனச்சியா?"

அப்படித்தான் நினைத்தேன்.

பிப்ரவரி 26

வெங்கடம்மா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. "கைக்கு வந்த வேலைய அப்பனும் பொண்ணும் சேர்ந்து தொரத்திட்டு வந்தீங்க" என்றதோடு சரி. இன்று சாயங்காலம் நான் உள்ளே இருக்கிறேன் என்று தெரியாமல் பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "ஆயிரம் பேர் இருந்தாங்களாம்க்கா. எங்க காவ்யா மட்டும் எழுந்து உண்மைய சொல்லிச்சாம்."

ஆயிரம் பேரெல்லாம் இல்லை. திருத்தவில்லை.

மார்ச் 2

சித்தூர் பதிப்பில் செய்தி. ஹரிபிரசாத் படம். காவ்யா பேர் இல்லை. வெட்டி எடுத்து வைத்துக்கொண்டேன். மூலையில் விசிலோடு என் பாதி முகம் இருக்கிறது.

ஜூன் 9 – ஞாயிறு

காவ்யா பெங்களூர் போகிறாள். அவளே போய் வரிசையில் நின்று தேடிக்கொண்ட வேலை. பேங்குக்கு சாஃப்ட்வேர் செய்கிற கம்பெனியில் டெஸ்டிங். "கேம் இல்ல, கணக்குதான். ஆனா தப்பு கண்டுபிடிக்கற வேலைதான் நைனா" என்றாள். ஆசைப்பட்டது இது இல்லை. எனக்குத் தெரியும். சொல்லிக்கொள்ளவில்லை, நானும் கிளறவில்லை.

பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். ஊரில் பாதிப் பிள்ளைகள் அந்தப் பஸ்ஸில்தான் போகிறார்கள். மூட்டையும் அரிசியும் ஊறுகாய்ப் பாட்டிலுமாக ஒவ்வொரு ஞாயிறும் ஸ்டாண்டு நிரம்பி வழிகிறது. வீட்டுக்கு வந்தால் சத்தமே இல்லை.

ஜூலை 6 – சனி

பஜார் பயில்வான் விற்பனைக்கு வந்துவிட்டது. ஹரிபிரசாத் பெங்களூரிலிருந்து ஒரு சிடி அனுப்பியிருந்தான், ஸ்கூல் முகவரிக்கு, என் பேருக்கு. காவ்யாவுக்கும் ஒன்று கொடுத்தானாம். ஞாயிறானால் இருவரும் சேர்ந்து ஆடுகிறார்களாம், அவள்தான் அதிகம் ஜெயிக்கிறாளாம்.

மதிய இடைவேளையில் கம்ப்யூட்டர் ரூமில் போட்டுப் பார்த்தோம். பஜ்ஜி மாஸ்டரின் கரண்டியைக் குறைத்துவிட்டார்கள். முனிகிருஷ்ணனுக்கு அதில் ரொம்ப வருத்தம். வேறொரு மாற்றமும் இருக்கிறது. ஆட்டத்தின் நடுவில் யாருடைய பேடாவது கழன்றுவிட்டால், ஆட்டம் தானாக நின்றுவிடுகிறது. முதலில் அதைப் பார்த்தபோது நானும் முனிகிருஷ்ணனும் வயரைத் திரும்பத் திரும்பப் பிடுங்கிப் பார்த்தோம்.

புதிதாக மாற்றலாகி வந்த ஹெட்மாஸ்டர் ரத்தினம்மா மேடம் என்ன கூச்சல் என்று எட்டிப் பார்த்தார். நல்லவேளை, கோபப்படவில்லை, நின்று வேடிக்கை பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "நீங்க பி.டி. மாஸ்டர். உங்க பொண்ணு இன்னா கேம் சார்?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் முனிகிருஷ்ணன் குனிந்து, தன் பேடின் வயரைத் தானே பிடுங்கினார்.

ஆட்டம் நின்றது. கண்டக்டர், சோடாக்காரர், சந்தைத் தெரு எல்லாம் மங்கிப் போயின. திரை நடுவில் பூக்காரி மட்டும் வந்து நின்றாள். வலது கையைத் தூக்கிக்கொண்டு, தோளுக்கு மேலே, நேராக, விரல்களைச் சேர்த்து.

"இந்த கேம் மேடம்" என்றார் முனிகிருஷ்ணன். "அது சாரோட பொண்ணு."

மேடம் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் குனிந்து வயரைச் சொருகினேன். பெல் அடிக்கும்வரை ஆடினோம்.